வாசல் முதலில் போகும் வீடு

நின்ற இடத்தில் நிற்காத மடம் ஒன்று கொங்கு நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கோபுரம் இல்லை, சக்கரம் இருந்தது.

படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்க வைத்திருந்த பழைய கேரவன் அது. யாரோ ஒரு புண்ணியவான் தானமாகக் கொடுத்துவிட்டார். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி இன்னும் பல்பு வரிசை இருந்தது. துறவிக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று கேட்காத ஊர் கிடையாது. "பல்பு எதுவும் எரியறதில்லை" என்று மட்டும் சொல்வார் மரகதம்மா.

மரகதம்மாதான் அந்த மடத்தின் குரு. சர்க்கஸ் கூடாரத்தில் பிறந்து, சிங்கக் கூண்டு வண்டியைச் சந்துபொந்துகளில் ஓட்டி வளர்ந்தவர். கேரவனின் முன்பகுதி ஒரு லாரியின் முதுகில் இருந்த இரும்புத் தட்டில் உட்கார்ந்திருக்கும். லாரியை அவரே ஓட்டுவார். வீடு பின்னால் வரும்.

வீட்டின் கதவு பின்பக்கம் இருந்தது. யார் முற்றத்தில் தங்கினாலும் வண்டியைப் பின்னோக்கித்தான் உள்ளே விடுவார். நேராக ஓட்டிக்கொண்டு நுழையவே மாட்டார்.

"விருந்துக்குப் போறவங்க முதுகைக் காட்டிக்கிட்டா போவாங்க? வாசல் முதல்ல போகணும்" என்பார்.

செங்கோடன் அவருடைய சீடன். குருவைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் அவரை "அம்மா" என்பான், அவர் அவனை "செங்கோடண்ணா" என்பார். முறை இடிக்கிறதே என்று கேலி செய்தவர்களும் நாளடைவில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு மடத்தில் ஒரே வேலைதான். மரகதம்மா வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்புறம் நின்று குரல் கொடுப்பான். அதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அந்தத் தடவை மடம் சங்ககிரிப் பக்கம் வந்தது. அவன் பிறந்த ஊர் கூப்பிடு தூரம். டயருக்குக் காற்றடிக்க நின்ற இடத்தில் பஞ்சர் கடைக்காரன் அவனை அடையாளம் கண்டுகொண்டான்.

"அட, நம்ம செங்கோடன்! உங்கண்ணன் வீட்டை வித்தாச்சாமா. வர்ற வியாழக்கிழமை ஓசூருக்கு மக வீட்டோட போறாராமா. தெரியாதா?"

செங்கோடனுக்குத் தெரியாது. அண்ணன் அர்த்தநாரியோடு பேசிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அன்று அவன் சாப்பிடவில்லை. மரகதம்மா எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, விட்டுட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போறது எப்புடிங்க?"

மரகதம்மா இடுப்பில் இருந்த லாரிச் சாவியை எடுத்து அவன் மடியில் போட்டார்.

"நான் பின்னால நிக்கறவனுங்கம்மா. எனக்கு இது வராதுங்க."

"அதனாலதான் குடுத்தேன்."

சந்தைத் திடல் காலியாகக் கிடந்தது. மரகதம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தார். இரண்டு புளியமரங்களுக்கு நடுவே வீட்டைப் பின்னோக்கி விட வேண்டும். அவ்வளவுதான்.

செங்கோடன் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்துத் திருப்பினான். வீடு வலது பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் இடது பக்கம் ஒடித்தான். லாரியும் வீடும் கத்திரிக்கோல் போல மடங்கி முட்டிக்கொள்ளப் பார்த்தன.

"இடது பக்கம் போகணும்னுதான் ஒடிச்சேனுங்க. அது எதிர்ப் பக்கம் போகுது."

"லாரிக்குச் சொன்னீங்க. வீட்டுக்குச் சொல்லலையே."

"வீட்டுக்கு எப்புடிங்க சொல்றது?"

"கையை ஸ்டீரிங்குக்கு அடியில வையுங்க. வீடு எந்தப் பக்கம் போகணுமோ, கை அந்தப் பக்கம் போகட்டும். கொஞ்சமா ஒடிங்க. ஒடிச்சுட்டுப் பொறுங்க."

கையை அடியில் வைத்தான். வீடு சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் கூடுதலாக ஒடித்துவிட்டான். மறுபடி கோணல்.

"கோணிப்போச்சுங்க."

"முன்னால போங்க. நேராக்குங்க. மறுபடி வாங்க."

"எத்தனை தடவைங்க இப்புடிப் போயிட்டுப் போயிட்டு வர்றது?"

"வெக்கம் போற வரைக்கும்."

முன்னால் போனான், பின்னால் வந்தான். ஆடு மேய்க்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடியில் புளியமரம் பெரிதாகி வர வர, அவனுக்குப் பழைய நாட்கள் கண்ணுக்குள் வந்துவிட்டன.

அண்ணனிடம் அப்போது ஒரு லாரி இருந்தது. அண்ணன் டிரைவர், தம்பி கிளீனர். ஈரோட்டு மஞ்சளும் பொள்ளாச்சித் தேங்காயும் ஏற்றிக்கொண்டு போகாத ஊர் இல்லை. மொழி தெரியாத ஊர்களின் கிடங்குகளில் செங்கோடன் பின்னால் நின்று, "வரலாம், வரலாம், லெப்ட்ல ஒடி, ஹோல்டேன்!" என்று தமிழிலேயே கத்துவான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். பீடியைப் பற்களில் கடித்துக்கொண்டு, தம்பி குரலை மட்டும் பிடித்துப் பின்னால் வருவார். லாரியின் பின்பலகையில் தம்பி இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். வேலை முடிந்ததும் ஒரே தட்டில் இருவரும் சாப்பிடுவார்கள். பெரிய துண்டு மீன் எப்போதும் தம்பி பக்கம் தள்ளப்பட்டிருக்கும். அந்தச் சந்தோஷம் போல இன்னொன்று அவனுக்கு மடத்திலும் கிடைக்கவில்லை. இதை மரகதம்மாவிடம் அவன் சொன்னதில்லை.

தம்பிக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு தடவை ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது கேட்பான். "வர்ற வருசம்" என்பார் அண்ணன். கடைசியாகக் கேட்ட பூஜையன்று சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றார்கள்.

"இந்த ஸ்டீரிங்குல உன்ற கை படவே படாதுடா" என்று அண்ணன் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

செங்கோடன் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டை விட்டே நடந்தான். கொஞ்ச நாளில் அண்ணன் லாரியை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டான். தன் கையில் கிடைத்துவிடக் கூடாது என்றே விற்றார் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு முள்ளாக உள்ளேயே இருந்துவிட்டது.

புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வீடு இரண்டு மரங்களுக்கு நடுவே போய் நின்றது. கோணல்தான். ஆனாலும் நின்றது.

"நாளைக்குக் காலையில அண்ணன் வீட்டுக்குப் போறோம்" என்றார் மரகதம்மா.

"நீங்க ஓட்டுங்கம்மா. நான் பின்னால நிக்கறேன்."

"சாவி உங்ககிட்டத்தானே இருக்குது."

அண்ணன் வீட்டுச் சந்தின் வாயில் ஒரு டீக்கடை. சந்தின் ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் சாக்கடை. கடைசியில் அண்ணன் வீட்டு முற்றம். லாரி நிற்பதற்காகவே அகலமாக விட்ட முற்றம் அது.

லாரியைச் சந்துக்கு முன்னால் நிறுத்தியதும் மரகதம்மா இறங்கினார். பின்னால் போய் நிற்பார் என்று செங்கோடன் நினைத்தான். அவர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, "சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்றார்.

"அம்மா! பின்னால யாருங்க?"

"போங்க, போங்க" என்று கையை வீசினார்.

செங்கோடன் தனியாகப் பின்னால் எடுத்தான். வீடு மதிலை உரசப் போனது. முன்னால் வந்தான், நேராக்கினான், மறுபடி போனான். சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் லெப்ட் என்றால் ஒருவர் ரைட் என்றார். வண்டி ஓட்டத் தெரியாதவர் அதிகமாகக் கத்தினார்.

ஒருவழியாகச் சந்தைத் தாண்டி முற்றத்தின் வாய்க்கு வந்தது. இனி வீட்டைத் திருப்பி உள்ளே விட வேண்டும். அங்கே இரண்டு கல்தூண்கள். கண்ணாடியில் ஒன்று தெரிந்தது, மற்றொன்று தெரியவில்லை.

இறங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் இறங்கினால் கால்கள் வண்டிக்குத் திரும்பாமல் ஊரை விட்டே ஓடிவிடும் என்று பயந்தான். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஹாரனை மெதுவாக ஒரு தடவை அழுத்தினான்.

கண்ணாடியில் ஓர் ஆள் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. தோளில் துண்டு. நடை மட்டும் மாறவில்லை.

அண்ணன் கேரவனை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த முகத்தையும் பார்த்தார். திரும்பி உள்ளே போகப்போகிறார் என்று செங்கோடன் நினைத்தான்.

வீட்டின் பின்பலகையில் ஒரு தட்டுக் கேட்டது.

"லெப்ட்ல ஒடி."

அண்ணன் ஓட்டியது வெறும் லாரி. அதில் இடது பக்கம் ஒடித்தால் வால் இடது பக்கம் போகும். இந்த வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனால் அவன் கை ஸ்டீரிங்குக்கு அடியில் இருந்தது. அண்ணன் சொன்ன பக்கமே கை போயிற்று. வீடும் அந்தப் பக்கமே போயிற்று.

"இன்னும் கொஞ்சம்... போதும். நேராக்கு. மெதுவாடா, மெதுவா. தூண் இருக்குது."

கண்ணில் நீர் முட்டி, கண்ணாடி எல்லாம் மங்கிவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டான். குரலைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வரலாம்... வரலாம்... ஹோல்டேன்!"

இரண்டு தட்டு. வண்டி நின்றது.

அண்ணன் டிரைவர் கதவருகில் வந்தார்.

"யாரு உனக்கு ஸ்டீரிங்கைக் குடுத்தது?"

"டீக்கடையில உக்காந்திருக்கற அம்மாவுங்க."

"கோணலா நிறுத்தியிருக்கற."

"நீங்க சொன்னபடிதானுங்கண்ணா வந்தேன்."

அண்ணன் வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நான் பின்னால நின்னு பழக்கமில்லைடா" என்றார்.

செங்கோடன் இறங்கினான். தரையில் பழைய லாரி சிந்திய ஆயில் கறை இன்னும் கருப்பாக இருந்தது. அதன் மேல்தான் இருவரும் நின்றார்கள்.

"ஏனுங்கண்ணா, ஒரு தடவையாவது என்கிட்டக் குடுத்திருக்கலாமில்லீங்க?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நீ முன்னால வந்துட்டா பின்னால யாருடா நிக்கறது? வேற எவன் சத்தத்தையும் நம்பி நான் வண்டியைப் பின்னால எடுத்ததில்லை. இதை எல்லாரு முன்னாலயும் சொல்லச் சொல்றயா? வாயில வேற என்னமோ வந்துருச்சு. நீ போன பொறவு கொஞ்ச நாள் ஓட்டினேன். முன்னால மட்டும்தான் போக முடிஞ்சுது. வித்துட்டேன்."

செங்கோடன் குனிந்து காலடியில் இருந்த ஆயில் கறையைப் பார்த்தான்.

"மத்தியானம் சாமான் ஏத்த லாரி வருது" என்றார் அண்ணன். "அதுவும் பின்னாலதான் உள்ள வரணும். யாரை நிக்க வைக்கறதுன்னு காலையில இருந்து யோசனை."

"நான் நிக்கறேனுங்கண்ணா."

"அப்ப இந்தக் கோணலை ஓரமா எடு. மொதல்ல வந்து சாப்புடு, அப்புறம் எடுக்கலாம். உங்க அம்மாவையும் கூப்புடு."

செங்கோடன் டீக்கடைக்கு ஓடினான். மரகதம்மா இரண்டாவது டீயைக் குடித்து முடித்திருந்தார். இருவரும் சந்துக்குள் நடந்தார்கள். மதிலில் வீடு உரசிய தடம் புதிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் செங்கோடனுக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது.

"அம்மா, நீங்க பின்னால நின்னிருந்தா ஒரே மூச்சுல உள்ள விட்டிருப்பேனுங்க. ஊரே பார்த்துச் சிரிச்சிருக்காது. எதுக்குங்க டீக்கடையில போய் உக்காந்துக்கிட்டீங்க?"

முற்றத்தில் அண்ணன் இலை போட்டுக்கொண்டிருந்தார். மரகதம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார்.

"நான் நின்னிருந்தா, வீடு மட்டும்தான் உள்ள வந்திருக்கும்."