ஐந்து புகை வீடு

முள்ளிக்காட்டில் நாச்சி என்ற கீரி வளை தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து கறுப்பு எண்ணெய் ஊறி வந்தது. பற்றவைத்தால் விடாமல் எரிந்தது. அந்தக் காட்டில் பனிக்காலம் வந்தாலே குட்டிகள் விறைத்துச் சாகும். அந்த வருடம் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லோரும் நாச்சியைக் கொண்டாடினார்கள்.

காட்டின் தலைவரான காட்டுப்பன்றி, அந்த எண்ணெயைச் சுரைக்குடுக்கைகளில் நிரப்பி ஆற்றங்கரைக் காட்டுக்கு அனுப்பினார். பதிலுக்குத் தினையும் கிழங்கும் வந்தன. வெளியே அனுப்புவதைச் சொட்டு விடாமல் அளந்தார்கள். வீட்டில் எரிப்பதை யாரும் அளக்கவில்லை. நம் மண்ணில் ஊறுவதுதானே!

வயிறு நிறைய நிறைய நெருப்புக் குழிகளும் பெருகின. வெயில் கொளுத்தும் நடுப்பகலிலும் அவை எரிந்தன. பெண் கேட்டு வருகிறவர்கள் குலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "உங்க வீட்டுல எத்தனை புகை?" என்று கேட்டார்கள்.

"அஞ்சு!" என்று நாச்சி வாலைச் சிலிர்ப்பாள்.

அடுத்த வருடம் அவளுடைய கடைக்குட்டி பொடியன் இரும ஆரம்பித்தான்.

"அம்மா, நெஞ்சுக்குள்ள கரகரங்குது."

நாச்சி தலைவரிடம் ஓடினாள். "பகல்லயாவது எல்லாரும் நெருப்பை அணைக்கட்டும், தலைவரே! என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"ஆத்தங்கரைக்காரனும் நம்ம எண்ணெயைத்தானே எரிக்கிறான்? அவனைப் போய்க் கேளு!"

"அவன் கிழங்கு கொடுத்து வாங்குறான். பார்த்துப் பார்த்து எரிக்கிறான். நாம வெயில்ல எதுக்கு எரிக்கிறோம்?"

"இப்பத்தான் நாலு பருக்கை கண்ணுல பார்க்குறோம், நாச்சி! புகை குறைஞ்சா நொடிச்சுப்போயிட்டோம்னு சிரிக்க மாட்டாங்களா? முதல்ல உன் அஞ்சையும் அணை, பார்ப்போம்!"

நாச்சி வளைக்குத் திரும்பினாள். மூத்த மகளைப் பெண் பார்க்க நான்கு நாளில் வருகிறார்கள். அது முடியட்டும் என்று நினைத்தாள்.

வந்தார்கள். ஐந்து புகையையும் அண்ணாந்து பார்த்தார்கள். சம்பந்தம் முடிந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் நாச்சி ஐந்து குழிகளிலும் மண்ணை அள்ளிப் போட்டாள். பக்கத்து வளை நரி எட்டிப் பார்த்தது.

"என்னம்மா, அதுக்குள்ள பிழைப்பு போயிடுச்சா?"

நாச்சி பொடியனை மடியில் போட்டுக்கொண்டு வளை வாசலை அடைத்துப் பார்த்தாள். காட்டில் மற்ற எல்லாக் குழிகளும் எரிந்தன. அந்தப் புகைக்கு எந்த வாசலும் தடையாக இல்லை. மூன்றாம் நாள் பொடியன் இருமவில்லை. மூச்சும் விடவில்லை.

காடே துக்கத்துக்குத் திரண்டது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார்.

"எண்ணெய் கண்டவளோட பிள்ளைடா! குறை வைக்கக் கூடாது. இந்தக் காடு பார்த்திராத புகை போடுங்க!"

வளையைச் சுற்றி இருபது குழி வெட்டி, எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நாச்சி வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது.

சொந்த மண்ணில் ஊறுகிறது என்று அளவில்லாமல் எரிப்பவர்களுக்கு, தேடி வந்த வாழ்வை அனுபவிக்கப் பிள்ளைகள் மிஞ்சமாட்டார்கள்.