கொழிஞ்சிப்பட்டித் தீயணைப்புக் குழுவின் முதல் தீ

கொழிஞ்சிப்பட்டியில் தீயணைப்புக் குழு என்று ஒன்று கொஞ்ச காலம் இருந்தது. பஞ்சர் ஒட்டும் பொன்னுரங்கம் அண்ணன் தலைவர். பேண்டு செட்டில் டிரம் அடிக்கும் சவரிமுத்து இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் நான். எங்களைவிட வெட்டியாக இருந்தவர்கள் ஊரில் பலர் உண்டு. புத்தியுள்ளவர்கள் என்பதால் அவர்கள் சேரவில்லை.

ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, கைப்பம்பு, நீளமான துணிக்குழாய். இவ்வளவையும் நிறுத்த ஓர் ஓலைக்கொட்டகை. பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி, "புகையைக் கண்டால் யோசிக்காதீர்கள், தண்ணீரை அடியுங்கள்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

உடனே புகையைக் கண்டோம். யோசிக்கவில்லை. பக்கத்துக் கடை பவுனம்மா அக்காவின் இட்லி அடுப்பு அணைந்தது.

அக்கா போட்ட சத்தத்தில் அதிகாரிக்கு போன் செய்தோம். "யாராவது தகவல் சொன்னால்தான் தண்ணீர் அடிக்கணும். மணி அடிச்சு, வண்டியோட கிளம்பி, இடத்துக்குப் போய்ச் சேரணும். குழாயை எப்பவும் காய வச்சிருங்க" என்றார்.

குழாய் நனைந்துகிடந்தது. வெளியே காயப்போட்டால் திருடு போகுமே என்று கொட்டகைக்குள்ளேயே தென்னை மட்டைகளைக் கொளுத்திக் காய வைத்தோம். குழாய் நன்றாகக் காய்ந்தது. கூரை பற்றிக்கொண்டது.

"அண்ணே, தீ" என்றேன்.

"தெரியுது. யாரும் தகவல் சொல்லலையே" என்றார் பொன்னுரங்கம்.

"நான் இப்ப சொன்னேனே."

"நீ குழுவில இருக்கிறவன். நீயே சொல்லி நீயே போனா, ஊர் என்ன நினைக்கும்?"

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மூவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதுகு சுட்டது.

நல்லவேளை, பவுனம்மா அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "டேய், கொட்டகை எரியுதுடா."

"எந்தக் கொட்டகை, அக்கா?" என்று சவரிமுத்து பணிவாகக் கேட்டான்.

"நீங்க நிக்கிற கொட்டகைதான்டா."

மணி அடித்தோம். வண்டியை வெளியே தள்ளினோம். கிளம்பியாயிற்று, இனி போய்ச் சேர வேண்டும். கடைத்தெரு வழியா, பள்ளிக்கூடத்து வழியா என்று பேசி, கடைத்தெருவையே எடுத்தோம். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாங்கள் போவதற்குள் எல்லாம் எரிந்துவிடக் கூடாதே என்று நான் வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தீ இல்லை. இட்லி சாப்பிட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அக்கா குடம் குடமாக ஊற்றி அணைத்திருந்தாள். பாதிக் கூரை மிச்சம் இருந்தது.

பொன்னுரங்கத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "குழு ஆரம்பிச்சு முதல் தீ. அதையும் இட்லிக் கடைக்காரங்க அணைச்சுட்டாங்கன்னு பேச்சு வந்தா, நாளைக்கு நம்மள யார் கூப்பிடுவாங்க?"

"ஒரு மூலையில மட்டும் லேசாப் பத்த வச்சுக்கலாம்ணே. நாமளே அணைச்சிருவோம்" என்றான் சவரிமுத்து.

பற்ற வைத்தோம். நன்றாகவே பிடித்தது. நான் பம்பை அடித்தேன், காற்றுதான் வந்தது. தொட்டிக்கு மூடி கிடையாது. தண்ணீரெல்லாம் வழிநெடுகச் சிந்தியிருந்தது.

"அக்கா, ஒரு குடம் தண்ணி" என்றேன். அவள் எங்களைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்து ஊர்க் குழுவைக் கூப்பிட்டு வருவது என்று முடிவாயிற்று. வண்டியைத் தள்ளாமல் நடந்து போனால்தான் சீக்கிரம் போகலாம். அதுவரை வண்டியைத் தெருவில் விட்டால் வெயிலில் பெயிண்ட் உரிந்துவிடும் என்று பொன்னுரங்கம் கவலைப்பட்டார். அதனால் அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குள், இன்னும் பற்றாத மூலையாகப் பார்த்து, பத்திரமாக நிறுத்திவிட்டுப் புறப்பட்டோம்.