சாமி படத்துக்குப் பின்னாடி குடிவந்த பல்லி

ஒரு ஊர்ல ஒரு சுவரு. அந்தச் சுவத்துல ஒரு பல்லி. பேரு சிட்டம்மா.

ம் கொட்டுடா எழிலு. நீ ம் கொட்டலன்னா சித்தி பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி போன் பாப்பேன். புது வீடு, புது ஃபேன், சத்தம் வேற மாதிரி இருக்குன்னு வந்ததுலருந்து என் உசுர வாங்குற.

"ம்."

ஆங். சிட்டம்மா இருந்தது ஓட்டு வீடு. அந்த வீட்ல செல்லையா, பொன்னுத்தாயின்னு புருஷன் பொண்டாட்டி. அவங்க என்ன பேசினாலும் முடிவு பண்றது சிட்டம்மாதான். எப்படின்னா, பொன்னுத்தாயி, "ஏங்க, ஒரு ஆடு வாங்கலாமா?"ன்னு கேக்கும். மேல இருந்து சிட்டம்மா "த்ச் த்ச் த்ச்"ங்கும். உடனே பொன்னுத்தாயி விரல மடக்கித் தரையில டொக் டொக்குனு தட்டி, "பல்லியே சொல்லிருச்சு, வாங்கிருவோம்"ங்கும். மறுநாள் வாசல்ல ஆடு "ம்மே"ங்கும்.

பல்லிக்கு ஆட்டப் பத்தி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. கொசுவத் தின்னுட்டு சும்மா சத்தம் போட்டுச்சு. ஆனா நாளாக ஆக அதுக்கு மண்டைக்கனம் ஏறிப்போச்சு. இந்த வீடே நம்ம வாயாலதான் ஓடுதுன்னு.

"பல்லிக்கு மண்டை எம்புட்டு இருக்கும் சித்தி?"

புளியங்கொட்ட அளவு. குறுக்க பேசாத.

அப்புறம் ஒரு நாள் அவங்க வீடு மாத்துறாங்க. டவுன்ல, நாலாவது மாடி. நம்மள மாதிரிதான். புது வீட்டுக்குள்ள மொதல்ல என்ன கொண்டு போவாங்க, சொல்லு?

"டிவி."

டிவியாம்! சாமி படம்டா. அன்னைக்கு உங்கம்மா முருகன் படத்தத் தூக்கிட்டு முன்னாடி போச்சுல்ல? அதே மாதிரி பொன்னுத்தாயியும் படத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வலது கால எடுத்து வச்சு உள்ள போச்சு. அந்தப் படத்துக்குப் பின்னாடி யாரு? சிட்டம்மா! கொர்ர்ருனு தூங்கிட்டு இருந்துச்சு. பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே, சாமிக்கு அடுத்தபடியா குடிவந்த ஆளு அதுதான். அதுக்கே தெரியாது.

கண்ணு முழிச்சுப் பாத்தா, ஓட்டக் காணோம், உத்தரத்தக் காணோம், ஒரே பெயிண்டு நாத்தம். "ஐயையோ, என் வீட்ட எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்!"னு அலறுச்சு. அதத்தான தூக்கிட்டு வந்திருக்காங்க, கூமுட்ட.

சரி, பசிக்குதேன்னு மொதல்ல அடுப்படிக்குப் போச்சு. பழைய சுவரு சொரசொரன்னு இருக்கும். இங்க பூரா வழவழன்னு டைல்ஸு. கால வச்சுச்சோ இல்லையோ, சர்ர்ர்ர்... பொத்து! எங்க விழுந்துச்சு தெரியுமா? பொன்னுத்தாயி உச்சந்தலையில! "ஆத்தாடி!"ன்னு ஒரு கத்து. தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, "வந்ததும் வராததுமா பல்லி விழுந்துருச்சே"ன்னு ஒரே புலம்பல்.

அப்புறம் சிட்டம்மா குளிக்கிற ரூமுக்குப் போச்சு. அங்க மேல ஒரு ஓட்டை. ஆகா, ஒளிஞ்சுக்க நல்ல இடம்னு வால உள்ள விட்டுச்சு. அது காத்தாடி வச்ச ஓட்டை. செல்லையா சுச்சு போட்டாரு. கர்ர்ர்ர்ர், டப்! வாலு போச்சு.

"செத்துருச்சா?"

வாலுதான்டா போச்சு. தரையில கிடந்து அது தனியா துள்ளுது. பொன்னுத்தாயி பாத்துட்டு, "ஏங்க, ஒண்ணும் சரியா படல"ன்னுச்சு.

கடைசியா டியூப்லைட்டு. லைட்டுன்னா பூச்சி வரும், அது எந்த ஊரா இருந்தாலும் ஒண்ணுதான்னு சிட்டம்மா ஏறுச்சு. அங்க ஏற்கனவே ஒரு தடியன் பல்லி. பேரு துரைப்பாண்டி.

"யாருடி நீ, வாலில்லாதவ?"

"நான் யாருன்னா கேக்குற? நான் சொன்னா ஆடு வரும்டா!"

"இங்க கொசு வர்றதே பெரிசு. எறங்கு கீழ."

ஒரே சண்டை. கடக் முடக், கடக் முடக். அப்போ கீழ செல்லையா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. தொபுக்! சிட்டம்மா நேரா ரசஞ்சோத்துல. அப்படியே தட்டோட குப்பைக்குப் போச்சு சோறு. சிட்டம்மா தப்பிச்சு, ரசம் சொட்டச் சொட்ட சுவத்துல ஏறி உக்காந்து மூச்சு வாங்குது.

முழிச்சிருக்கியா?

"ம்."

அப்போ பொன்னுத்தாயி இடுப்புல கைய வச்சுருச்சு. "இந்த வீடு நமக்கு ஆகாது. பழைய வீட்டுக்கே போயிருவோம்."

"ஏண்டி, மூட்டைய இன்னும் அவுக்கவே இல்லையே."

"நல்லதாப் போச்சு. திருப்பிக் கட்டுற வேலை மிச்சம்."

செல்லையா பெருமூச்சு விட்டாரு. "சரி. பல்லி சொல்லட்டும், இப்பவே வண்டிய வரச் சொல்றேன்."

ரெண்டு பேரும் தலையத் தூக்கிச் சுவத்தப் பாக்குறாங்க. சிட்டம்மாவுக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். ஒரே ஒரு த்ச். சொல்லிட்டா சொரசொரச் சுவரு, ஓடு, எல்லாம் திரும்பக் கிடைச்சுரும்.

துரைப்பாண்டி எட்டிப் பாத்துச்சு. "ஏன் உன்னையே மொறைக்கிறாங்க?"

"நான் சொன்னா கிளம்பிருவாங்க. நானும் போயிருவேன். நீயே இந்த வீட்ட ஆண்டுக்க."

"போங்க போங்க." அப்படின்னுட்டு, திடீர்னு அதுக்குத் திக்குனு ஆச்சு. "ஏய், போறப்ப லைட்ட அணைச்சுட்டா போவாங்க?"

"பின்ன? யாரு கரண்டு பில்லு கட்டுறது?"

துரைப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. ஏன்னா அது ரொம்ப நாளாப் பூட்டிக் கிடந்த வீடு. லைட்டு இல்ல, பூச்சி இல்ல. இவங்க வந்து லைட்டப் போட்ட பிறகுதான் துரைப்பாண்டி வயிறாரத் தின்னதே. "தாயி, தாயி, வாய மூடு தாயி! லைட்டுல கால்வாசி தர்றேன்."

"த்..."

"பாதி! பாதி தர்றேன்! சுச்சு பக்கம் பூரா நீயே வச்சுக்க!"

"எனக்கு உன் லைட்டு வேணாம். என் சுவரு வேணும்"னு சொல்லிட்டு, சிட்டம்மா நல்லா மூச்ச இழுத்து, ஆ...ன்னு வாயத் தொறந்துச்சு.

அப்போ பாத்து வெளிய மழை. சோ...ன்னு. நாலாவது மாடி, ஜன்னல் தொறந்து கிடக்கு, லைட்டு பளபளங்குது. வந்துச்சு பாரு ஈசலு! விர்ர்ர்ர்ருனு வீடு பூரா ஈசலு. தொறந்த வாய்க்குள்ள தானா ஒண்ணு போச்சு. முழுங்கிட்டு மறுபடி தொறந்துச்சு, இன்னொண்ணு போச்சு. பழைய வீட்ல குண்டு பல்புக்கு ரெண்டு கொசு வந்தாலே அன்னைக்கு விருந்து. இங்க என்னடான்னா வாயத் தேடி வருது. "ம்ங், ம்ங்"னு திங்குது. எங்க பேசுறது?

"என்னடி, சொல்லலயே"ன்னாரு செல்லையா.

"கொஞ்சம் பொறுங்க"ன்னுச்சு பொன்னுத்தாயி. பொறுத்தாங்க. கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். கடைசில பொன்னுத்தாயியே அலுத்துப்போயி, "அப்போ இங்கேயே இருந்துர வேண்டியதுதானா?"ன்னு கேட்டுச்சு.

சிட்டம்மா அப்பத்தான் கடைசி ஈசல முழுங்கி, வயிறு ரொம்பி, சொகமா, "த்ச் த்ச் த்ச்"!

லைட்டுல இருந்து துரைப்பாண்டியும், "த்ச் த்ச் த்ச்!"

"பாத்தீங்களா, ஒண்ணுக்கு ரெண்டா சொல்லிருச்சு!"ன்னு பொன்னுத்தாயி தரையில டொக் டொக்குனு தட்டிட்டு, மூட்டைய அவுக்க உக்காந்துருச்சு.

"சிட்டம்மாவுக்கு நல்ல புத்தி வந்துருச்சா சித்தி?"

புத்தியெல்லாம் வரல. ஈசலு வந்துச்சு. அம்புட்டுதான்.

"பழைய வீடு ஞாபகம் வராதா?"

வரும். பசிச்சா ஜாஸ்தி வரும். எனக்கும்தான் வருது, நான் என்ன உன்ன மாதிரி அழுதுக்கிட்டா இருக்கேன்?

"வாலு?"

மொளைக்கும்டா. மொதல்ல குட்டையா, கேவலமா இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் பழகிரும்.

சரி, கீழ் வீட்டுப் பொண்ணு உன்ன கேரம் ஆடக் கூப்பிட்டுச்சே, நாளைக்குப் போறியா?

"மாட்டேன்."

த்ச் த்ச் த்ச்.

"சித்தி, அது நீ."

நான் இல்ல. மேல பாரு.

"நீதான். உன் வாய் அசைஞ்சுச்சு."

ஆமா, நான்தான்! புளியங்கொட்ட மண்ட வச்சிருக்க பல்லி சொன்னா ஊரே கேக்குது, நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டியா? போடா.

...

என்னது, டொக் டொக்குனு? கட்டில்ல தட்டுனது நீயா?

"ம்."

அப்படி வா வழிக்கு. கதை சுவரேறிப் போச்சு, கண்ண மூடு. லைட்ட அணைக்கிறேன்.