திரும்பாத மூன்றாம் கம்பி

பொன்மலையில் சவரிராயன் என்று விசாரித்தால் பலரும் விழிப்பார்கள். பிரேக் சவரி என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ரயில் பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிரேக் தண்டுகளைத் தட்டிப் பார்த்தே முப்பத்தாறு வருஷம் கழித்தவர். இருபது வயதில் ஒரு கல்யாணக் கச்சேரியில் பெடல் ஸ்டீல் கிட்டார் கேட்டு மனதைப் பறிகொடுத்தார். டியூட்டி, குடும்பம் என்று அதைத் தொட நேரமே வரவில்லை. ஓய்வு பெற்ற மறு வாரம் தேடிப்பிடித்து ஒன்றை வாங்கிவிட்டார்.

கற்றுக்கொடுத்தவர் ஐரின். உல்லாசக் கப்பல் இசைக்குழுவில் ஏழு வருஷம் வாசித்துவிட்டு ஊர் திரும்பி, டயர் கடை மாடியில் ஓர் அறை எடுத்துப் பாடம் நடத்துகிறவர். குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு அறுபத்து மூன்று. இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அங்கிள் என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலையில் சவரிராயன் கிட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"டீச்சர், சுருதி நிக்க மாட்டேங்குது."

"எந்தக் கம்பி?"

"எல்லாமே."

"எல்லாமேன்னு ஒரு கம்பி இதுல கிடையாதே அங்கிள்."

சவரிராயன் மனசுக்குள் கம்பிகளை எண்ணினார். "மூணாவது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பங்குத் திருவிழா. பாடகர் குழுவோடு கிட்டார் வாசிக்க சவரிராயன் ஒப்புக்கொண்டிருந்தார். கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஜெசிந்தா, போன வாரத் திருப்பலி முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ஒத்திகையில் சரியாக வந்தால் கிட்டார் இருக்கட்டும், இல்லாவிட்டால் கீபோர்டு மட்டும் போதும். அந்த அம்மா கோபமாகச் சொல்லியிருந்தால் சவரிராயன் தாங்கியிருப்பார். கனிவாகச் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

பெடல் ஸ்டீல் என்பது பார்ப்பதற்கு ஒடுக்கமான ஒரு மேஜை. மேலே பத்துக் கம்பி, கீழே காலால் மிதிக்கப் பெடல்கள். மிதித்தால் மேஜையின் அடிவயிற்றில் ஓடும் மெல்லிய தண்டு ஒன்று கம்பியை இழுக்கும், சுருதி ஏறும். காலை எடுத்தால் கம்பி தன் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். சவரிராயனின் மூன்றாம் கம்பி இறங்க மறுத்தது.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"மிதிக்காதப்பவே வெறும் கம்பி ஏறி நிக்குது. மேல கம்பி முடுக்குற கீயைத் திருப்பி இறக்கினேன். இப்ப மிதிச்சா ஏற வேண்டிய அளவு ஏறல. அடியில தண்டோட நட்டை முடுக்கினேன். மறுபடி வெறும் கம்பி ஏறிடுச்சு. மறுபடி கீ. மறுபடி நட்டு."

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளா."

"சலிக்கலையா?"

"நான் சலிக்கிற ஆளா டீச்சர்?"

சொன்ன குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஐரின் அதைக் கண்டுகொள்ளவில்லை. கிட்டாரை நிறுத்தி வைத்து, சவரிராயனை அதன் முன்னால் உட்காரச் சொன்னார்.

"மிதிங்க. விடுங்க."

மிதித்தார். விட்டார். கம்பி தப்பாக ஒலித்தது. சவரிராயனின் கை தன்னால் கீயைத் தேடிப் போனது.

"கை வேண்டாம்."

மறுபடி மிதித்தார். மறுபடி கை போனது.

"ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கங்க."

பேரன் பேத்தி எடுத்த மனிதர் தன் கைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் மிதிக்க மிதிக்க ஐரின் கம்பியை மீட்டினார். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் கம்பி வேறு வேறு இடத்தில் வந்து நின்றது.

"கேட்டீங்களா டீச்சர், அதோட லட்சணத்தை?"

"நான் முதல்லயே கேட்டுட்டேன். நீங்கதான் இப்பக் கேக்கறீங்க."

பிறகு ஐரின் ஒரு துண்டை விரித்துக் கிட்டாரை அதன் மேல் கவிழ்த்தார். ஒவ்வொரு தண்டாக விரலால் அசைத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"இப்படி யார் வச்சது?"

"நான்தான். திருவிழா வருதேன்னு துடைக்கக் கவுத்தேன். அத்தனை தண்டும் கடகடன்னு ஆடிச்சு. ஒண்ணு விடாம டைட் பண்ணிட்டேன். ஆடுற தண்டை நான் சும்மா விட்டதே இல்ல."

முப்பத்தாறு வருஷம் அதற்காகவே சம்பளம் வாங்கிய கை அது. அதை என்ன சொல்வது.

ஐரின் அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அங்கிள், பிரேக் போட்டா கட்டை எங்க இருக்கும்?"

"சக்கரத்தைப் பிடிச்சிட்டு."

"விட்டா?"

"விலகி நிக்கும்."

"எவ்வளவு?"

சவரிராயன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் கொஞ்சம் வெளிச்சம் விட்டுக் காட்டினார்.

"விலகாம தொட்டுட்டே இருந்தா?"

"சக்கரம் சூடேறும். புகை வரும். வண்டியை நடுவழியில நிறுத்த வேண்டியதுதான். அதுக்குத்தான் நாங்க ஒவ்வொரு கட்டைக்கும் அளந்து..."

சவரிராயன் கவிழ்ந்து கிடந்த கிட்டாரைப் பார்த்தார். அவர் முடுக்கிய தண்டுகள், காலை எடுத்த பின்னும் கம்பிகளை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தன. காதோரம் சூடேறியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வெட்கப்பட்டார்.

ஐரின் நட்டுத் திருப்பும் சின்னச் சாவியை அவரிடம் நீட்டினார்.

சவரிராயன் மூன்றாம் கம்பியின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினார்.

"இன்னும்."

இன்னொரு சுற்று.

"இன்னும்."

"ஆடும் டீச்சர்."

"ஆடட்டும்."

தண்டு விரலில் லேசாக ஆடியது. அவருக்குப் பல் கூசியது. இருந்தாலும் அடுத்த தண்டுக்குப் போனார். எல்லாவற்றையும் தளர்த்தி, கம்பிகளை மேலே சுருதி கூட்டி, பெடல் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும்படி அதன் தடையை நகர்த்தி, கடைசியில்தான் மிதித்த சுருதியை அடியில் சரி செய்தார்கள். அந்த வரிசையை ஐரின் ஒரு தடவைகூட மாற்றவிடவில்லை. முடிக்கும்போது மத்தியானம் மூன்று மணி. இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கவில்லை.

சவரிராயன் மிதித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"மிதிச்சதும் தண்டு பிடிக்கல. முதல்ல கொஞ்ச தூரம் சும்மா போகுது."

"போகும்."

"அந்தக் கொஞ்சம் வீண்தானே டீச்சர்?"

"அது உங்களுக்கு இல்ல. கம்பிக்கு."

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் தன் காலுக்கு அந்தக் கொஞ்ச தூரத்தைப் பழக்கினார். திருவிழாவுக்கான நற்கருணைப் பாடலை நாற்பது தடவை வாசித்தார். அவர் மனைவி ஸ்டெல்லா பத்துத் தடவை வரை பொறுத்திருந்துவிட்டு, முறத்தையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். கால் பிந்தினால் சவரிராயன் முதலிலிருந்து ஆரம்பித்தார். கை கீயைத் தேடினால் அதை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தார்.

சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு ஐரினும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் சரணத்தில் சவரிராயனின் கால் ஒரு கணம் பிந்தியது. ஜெசிந்தா தலையைத் திருப்பினார். சவரிராயன் நிறுத்தவில்லை. இரண்டாம் சரணத்தில் மிதித்தார், கம்பி ஏறியது. விட்டார், கம்பி இறங்கி, பாடகர்களின் குரலோடு போய் அமர்ந்தது. அடுத்த வரியிலும் அமர்ந்தது. அதற்கு அடுத்த வரியிலும்.

பாட்டு முடிந்ததும் ஜெசிந்தா நோட்டை மூடினார்.

"காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துடுங்கண்ணே."

சவரிராயன் தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லோரும் போன பிறகு கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்க ஐரின் ஒரு பக்கம் பிடித்தார்.

"டீச்சர், இனிமே சுருதி கலையாதுல்ல?"

"கலையும்."

சவரிராயனின் கை பெட்டி மூடியிலேயே நின்றுவிட்டது.

"நாளைக்குமா?"

"நாளைக்கு நீங்க மிதிக்கிற ஒவ்வொரு தடவையும். கலைக்கிறதுக்குத்தானே அங்கிள் பெடலே வச்சிருக்கு."

"அப்ப ரெண்டு மூணு நாளா நாம எதைத்தான் சரி பண்ணோம்?"

"அது திரும்பி வர்ற வழியை."