கண்ணாடிக் கடைக்கு ஒரு வலைத்தளம்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்கக் கூடாது என்று எவனோ ஒரு கணக்கு வைத்துவிட்டுப் போய்விட்டான். மதுரை பைபாஸ் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் நிலோஃபர். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வலைத்தளம் செய்து கொடுப்பது தொழில். சீடர் தவமணி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மீசை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

தவமணி அதற்கு முன்னால் ஃபிளெக்ஸ் போர்டு வடிவமைத்தவர். காதுகுத்து வைக்கிற வீட்டில் எந்த மாமன் முகம் பெரிதாக வர வேண்டும், எந்தப் பங்காளி முகம் ஓரமாக வந்தால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போர்டு வைக்கக் கெடுபிடி கூடிக்கொண்டே போனதில் அந்த வேலை படுத்துவிட்டது. நிலோஃபர் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்து வலைத்தள வேலையைக் கற்றுக்கொண்டு, அவளிடமே தற்காலிகமாக வேலைக்கும் சேர்ந்தார். அப்போதிலிருந்து அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அங்கே கிஷோர் என்று இன்னொரு வடிவமைப்பாளன் இருந்தான். கல்லூரி முடித்த சூட்டோடு வேலைக்கு வந்தவன். தவமணி முதன்முதலாக ஒரு கல்யாண மண்டபத்துக்குச் செய்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அச்சு அசல் ஃபிளெக்ஸ் போர்டு. மாலை போட்டுக் கும்பிட வேண்டியதுதான் பாக்கி" என்றான். அன்றிலிருந்து ஃபிளெக்ஸ் அண்ணே என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். தவமணிக்கு அது முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் நிலோஃபர் அவரைக் கூப்பிட்டாள்.

"சிம்மக்கல்லுல எஸ்தர் ராணி அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காங்கண்ணே. வலைத்தளம் கேக்குறாங்க. இது முழுக்க ஒங்க வேலை. அந்தம்மா சரின்னுட்டா ஒங்களுக்கு இங்க வேலை நிரந்தரம்."

"சொல்லலேன்னா?"

கேட்டாரே தவிர, பதில் அவருக்கே தெரியும். மச்சினன் கடையில் ஜெராக்ஸ் எடுக்கப் போக வேண்டும். மச்சினனும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

தவமணி விழுந்து விழுந்து படித்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பக்கங்களை எல்லாம் திறந்து பார்த்தார். இந்த வருடம் எது புதுசு, எது பழசு, எதை வைத்திருந்தால் சிரிப்பார்கள் என்று கரைத்துக் குடித்தார். முடித்ததும் நிலோஃபருக்கும் கிஷோருக்கும் போனில் காட்டினார்.

"இப்ப ஒலகத்துல என்னென்ன ட்ரெண்டோ அம்புட்டும் இதுல இருக்கு டீச்சர்."

இருக்கத்தான் செய்தது. பக்கம் திறந்ததும் கடற்கரையில் ஒரு பெண் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஓடினாள். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்துகள். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொரு வரியும் மிதந்து வந்து மறைந்தது. மூலையிலிருந்து ஒரு பொம்மை துள்ளிக் குதித்து, "வணக்கம், என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டது. கடையின் போன் நம்பர், மேலே மெனு என்பதற்காகப் போட்ட மூன்று கோடுகளுக்குள்ளே பத்திரமாக இருந்தது.

கிஷோர் விசிலடித்தான். "அண்ணே, நீங்களா செஞ்சது?"

தவமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எப்படி டீச்சர்?"

"ஒங்க கண்ணாடியக் கொஞ்சம் குடுங்கண்ணே."

துடைத்துத் தரப்போகிறாள் என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டாள்.

"டீச்சர்?"

"ஒங்க கண்ணாடி கீழ விழுந்து ஒடஞ்சு போச்சு. வீட்டுல வேற ஆளில்ல. எஸ்தர் அம்மா கடையிலருந்து வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சரி பண்ணித் தர்றாங்க. போன் போட்டு வரச் சொல்லுங்க."

"நம்பரு?"

"இதுல இருக்கும்ல."

தவமணிக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. அது இல்லாவிட்டால் கிட்டே இருப்பதும் தெரியாது, எட்ட இருப்பதும் தெரியாது. எதிரில் நிற்பது பெண்டாட்டியா மச்சினனா என்று குரலை வைத்துத்தான் சொல்வார். போனைக் கை நீட்டிப் பிடித்தார். மூக்கருகே கொண்டுவந்தார். நீலமாக ஏதோ ஓடியது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. எழுத்து வருகிறது என்று கண்ணைச் சுருக்குவதற்குள் அது போய்விட்டது. பொம்மை குதித்து எதையோ மறைத்தது. அதைத் தொட்டார். அது இன்னொரு கேள்வி கேட்டது. குத்துமதிப்பாக எதையோ அமுக்கினார். மறுபடியும் கடற்கரைப் பெண் ஓட ஆரம்பித்தாள்.

"மேல மூணு கோடு இருக்குல்லண்ணே, அதை அமுக்குங்க" என்றான் கிஷோர்.

"எந்தக் கோடுப்பா?"

தவமணிக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. தான் செய்த பக்கத்துக்குள் தானே வழி தெரியாமல் நிற்பது போன்ற வெட்கம் வேறு உண்டா?

"தெரியல டீச்சர்."

நிலோஃபர் கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் தவமணி எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு வந்தார். பெண்ணும் இல்லை, பொம்மையும் இல்லை. பளிச்சென்ற மஞ்சளில், போன் திரை கொள்ளுமட்டும் கறுப்பு எழுத்தில் நம்பர். கீழே கடையின் பெயர். அவ்வளவுதான்.

"ஃபிளெக்ஸ் அண்ணே திரும்பி வந்துட்டாரு" என்றான் கிஷோர்.

தவமணி பல்லைக் கடித்துக்கொண்டார். யாரும் கேட்காமலே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போனை எடுத்தார். நம்பரைத் தொட்டார். சிம்மக்கல்லில் மணி அடித்தது. எஸ்தர் ராணியே எடுத்து யார் என்று கேட்டார்.

"சும்மாதாம்மா. போகுதான்னு பாத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, நிலோஃபரின் குரல் இருந்த பக்கமாகத் திரும்பினார். "போதுமா டீச்சர்?"

"ஆள் வந்து சரி பண்ணிக் குடுத்துட்டாரு. இப்பக் கண்ணாடியப் போடுங்கண்ணே."

போட்டார்.

"என்ன தெரியுது?"

"நம்பரு."

"வேற?"

"நம்பருதான் டீச்சர்."

"கண்ணு நல்லாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

தவமணிக்குக் கோபம் வந்துவிட்டது. வயதில் சின்னவள் என்பதும் குரு என்பதும் சேர்ந்து அவரைச் சுட்டது.

"அதுவும் சரியில்ல, இதுவும் சரியில்லன்னா நான் எங்கிட்டுப் போறது? ட்ரெண்டு வேணுமா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லிப்புடுங்க."

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் கண்ணாடியே போட்டதில்லயே."

தவமணி பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. மனைவி முகத்தைப் பார்த்தாலே மச்சினன் கடை ஞாபகம் வரும். பஸ் ஏறி சிம்மக்கல்லில் இறங்கி, கண்ணாடிக் கடையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எஸ்தர் ராணி ஒரு காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

கடையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் ஆஜானுபாகுவான ஆள். பேச்சிலும் ஒரு மிடுக்கு. பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப்புது ஃபிரேமாக மாட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் நிலைக்கண்ணாடி முன்னால் முன்னே போனார், பின்னே வந்தார், தலையைச் சாய்த்தார். கடைசியில் மனைவி பக்கம் திரும்பி, "நல்லாருக்கா?" என்றார். அந்த அம்மா போனில் எதையோ பார்த்தபடியே, "ம், நல்லாத்தான் இருக்கு" என்றார். எல்லா ஃபிரேமுக்கும் அதே பதில். மனிதர் பாவம், கடைசியாகப் போட்டதையே எடுத்துக்கொண்டு போனார்.

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தன் மூக்கின் மேல் இருந்த ஃபிரேமைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை.

"ஏம்மா, வர்றவங்க எல்லாம் இப்படித்தானா?"

"பவர் கூடுன ஆளுக அம்புட்டுப் பேரும் இப்படித்தான். புது ஃபிரேமுல பவர் கெடையாதே. போட்டா நெலக்கண்ணாடியில தம் மூஞ்சி தமக்குத் தெரியாது. கூட வந்தவங்க சொல்றதுதான்."

"தனியா வந்தா?"

"என்னையக் கேப்பாங்க. நான் யாவாரி. நல்லாருக்குன்னுதான சொல்லுவேன்?"

தவமணி அப்போதே எழுந்துவிட்டார். பாதிக் காபி டம்ளரிலேயே இருந்தது. நேராக மாடிக்குப் போய்க் கிஷோர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்.

"தம்பி, பக்கத்துக்குள்ள கேமராவக் கொண்டு வரணும். எனக்குத் தெரியாது. சொல்லிக் குடு."

ஃபிளெக்ஸ் அண்ணன் தன்னிடம் எதையும் கேட்டு அவன் பார்த்ததில்லை. ஒன்றும் கேலி பேசாமல் சொல்லிக் கொடுத்தான்.

எஸ்தர் ராணி ஒரு திங்கட்கிழமை வந்தார். தவமணி போனைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். நிலோஃபர் ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

பக்கம் திறந்ததும் மேலே அழுத்தமான எழுத்தில் ஒரே வரி இருந்தது: கண்ணாடி உடைந்துவிட்டதா? இங்கே தொடுங்கள். தொட்டால் கடையில் மணி அடித்தது. அதைத் தாண்டிக் கீழே போனால் அழகழகாக ஃபிரேம்கள். ஒன்றைத் தொட்டதும் ஒரு குரல் பேசியது. தவமணியின் மனைவி குரல்தான். "ஒங்க கண்ணாடியக் கழட்டிட்டு, போனை மூஞ்சிக்கு நேரா வச்சுக்கங்க."

எஸ்தர் ராணிக்கும் தடித்த கண்ணாடிதான். கழற்றினார். போன் அவரைப் படம் பிடித்தது.

"அம்புட்டுத்தான். இனிமே கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்றது குரல்.

போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தில் அவர் முகத்தில் பச்சை ஃபிரேம் இருந்தது. விரலால் தள்ளினார். மெரூன் வந்தது. அப்புறம் கறுப்பு. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ளையிலருந்து கண்ணாடி போடுறேன். கடை வேற வச்சிருக்கேன்" என்றார் எஸ்தர் ராணி கடைசியில். "புது ஃபிரேமுல எம் மூஞ்சி எனக்குப் புடிச்சிருக்கான்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மறுபடியும் பச்சைக்குத் தள்ளினார்.

"பச்சை நல்லால்ல, இல்ல?"

"நல்லால்லம்மா" என்றார் தவமணி.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நான் வாடிக்கைக்காரங்ககிட்ட இப்படிச் சொன்னதே இல்லப்பா. இதையே போட்ருங்க."

அவர் படி இறங்கிப் போனதும் நிலோஃபர் ஜன்னலோர மேசையில் கிடந்த தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு டீச்சர்?"

"இது இனிமே ஒங்க எடம்ணே."

தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

கண்ணாடிக் கடையின் பக்கம் ஊருக்குள் பேச்சாகிவிட்டது. பார்த்தவர்கள் இன்னும் நாலு பேருக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து கிஷோர் உற்சாகமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க வாங்க. தண்ணி மோட்டார் ரிப்பேர் கடைக்குச் செஞ்சிருக்கேன். இப்ப இதுதான் ட்ரெண்டு."

பக்கம் திறந்தது. "ஒங்க மூஞ்சிய நேரா வச்சுக்கங்க" என்றது ஒரு குரல். போன் தவமணியைப் படம் பிடித்தது. அடுத்த நொடியில் அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் வந்து உட்கார்ந்தது. கிஷோர் அதன் நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டினான்.

"எப்படிண்ணே?"

கேலி பேசிய பையன் தன்னைப் பார்த்துச் செய்திருக்கிறான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் தவமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பாக்குறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தார். பேக்கரி வாசலில் நிலோஃபர் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்த மோட்டார் கடைப் பக்கத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான் செஞ்ச அதே வேலைதான். சிம்மக்கல்லுல நல்லாருந்துச்சு. இங்க பாத்தா கூச்சமா இருக்கு. ஏன் டீச்சர்?"

"நீங்க யாரப் பாத்துச் செஞ்சீங்க?"

"ஃபிரேம் வாங்க வந்த அந்த மனுசனப் பாத்து."

"கிஷோர்?"

தவமணி மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"என்னையப் பாத்து" என்றார்.

நிலோஃபர் அவருக்கும் ஒரு டீ சொன்னாள்.

"அவனைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லட்டுமா டீச்சர்?"

"சொன்னா அதையும் ட்ரெண்டுன்னு எடுத்துக்குவாண்ணே. நாளைக்குக் காலையில அந்த மோட்டார் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, சும்மா ஒரு ஸ்டூல்ல உக்கார வைங்க."