வலது கைக்கு அனுமதி

தாளாளர் வைரவநாதனின் அறையை ஒட்டித்தான் பாட்டு வகுப்பு. "பள்ளி விளம்பரத்துல போட்டாச்சு, அந்தச் சின்ன கிடார், உகுலேலே சொல்லிக்கொடுங்க. ஆனா என் காதுல சத்தம் விழுந்தா உங்க வேலை போயிடும்" என்றார், புதிதாகச் சேர்ந்த சலேத் டீச்சரிடம்.

சலேத் டீச்சரா கொக்கா? "சரிங்க சார்" என்றாள். பிள்ளைகள் இடது கையால் கம்பிகளை அழுத்திப் பழகினார்கள். மீட்டவேண்டிய வலது கை மடியிலேயே கிடந்தது.

ஆண்டுவிழா மேடையிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "ஏன் வாசிக்கல?" என்று சீறினார் தாளாளர்.

சலேத் மைக்கைப் பிடித்தாள். "பாதி வாசிச்சுட்டுத்தான் இருக்காங்க சார். சத்தம் வர்ற பாதிக்கு உங்க அனுமதி வேணும்."

பெற்றோர் கூட்டம் சிரித்தது. "வரட்டும்" என்று முனகினார் அவர்.

வலது கைகள் ஒன்றாக இறங்கின. பாட்டு பந்தலைத் தூக்கியது.

மறுநாள் தாளாளரின் நாற்காலி மாடிக்குப் போய்விட்டது.