அரசியார் சண்டையை நிறுத்திய கதை

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டைச் சித்திரவன்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலைக்குள் அது நடந்துவிட வேண்டும். அவர் மனைவி அங்கயற்செல்வி மட்டும், "ஏன்? எதற்கு?" என்று கேட்பாள். தினமும் ஏதாவது சண்டை. அந்தப்புரத்துப் புறாக்கள்கூட அதற்குப் பழகிப்போயிருந்தன.

கட்டட வேலைகளுக்கு அதிகாரியாக இருந்தவர் வீரகண்டர். மந்திரி சாத்தப்பரின் நாற்காலி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். ராஜாவைக் குளிர்விக்க நினைத்து ஒருநாள், "கோட்டைக்குள் இருக்கும் அல்லிக்குளத்தை மூடிவிட்டு மயில் தோட்டம் போடலாம்" என்றார். ராஜாவுக்குப் பிடித்துவிட்டது.

அரசிக்குப் பிடிக்கவில்லை. "குளத்தை மூடினால் சுற்றியிருக்கிற தெருக்களில் கிணறெல்லாம் வற்றிவிடும்" என்றாள். ராஜா ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, கடைசியில் ராஜாவிடம் பதில் தீர்ந்துபோயிற்று. எழுந்து நின்று, "இது ராஜ கட்டளை" என்றார்.

அரசி, "உத்தரவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து எதற்கும் அதே வார்த்தைதான். வேட்டைக்குப் போகிறேன் என்றால் உத்தரவு. உன் அண்ணனை விருந்துக்கு அழைக்கப்போவதில்லை என்றாலும் உத்தரவு. ராஜா முதலில் குதூகலமாகத்தான் இருந்தார். "சாத்தப்பரே, ஜெயித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரசத்தில் உப்பே இல்லை என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார். அவள் பேசாமல் உப்பை நகர்த்தி வைத்தாள்.

சபையில் ராஜா வாய்விட்டே சொல்லிவிட்டார்: "அரசியை யாராவது பழையபடி பேச வையுங்கள்."

வீரகண்டர் முந்திக்கொண்டார். முத்துமாலை அனுப்பினார். அரசி, "உத்தரவு" என்று போட்டுக்கொண்டாள். பாடகர்களை அனுப்பினார். உத்தரவு என்று கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். அந்தக் கோபத்தை அவர் மந்திரி மேல் காட்டினார். "இது என்ன பெரிய குறை, அரசே? என் மனைவி பெரியநாயகி கல்யாணமான நாள் முதல் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும். இதைக் குறை என்று நினைத்தால் சாத்தப்பர் தீர்த்து வைக்கட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

"சரி" என்றார் சாத்தப்பர்.

அவர் ராஜாவைத் தனியாகச் சந்தித்தார். "நாளை அரசியாரும் மற்றப் பெண்களும் சபைக்கு வந்து திரைக்குப் பின்னால் உட்காரட்டும். நீங்கள் அல்லிக்குளத்தில் நடந்த அந்தப் பழைய சம்பவத்தைச் சொல்லுங்கள். ஆனால் தப்பாகச் சொல்ல வேண்டும்."

"எவ்வளவு தப்பாக?"

"வழக்கமாக எங்களிடம் சொல்வதுபோல் சொன்னால் போதும், அரசே."

மறுநாள் ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "எங்களுக்குக் கல்யாணமான புதிது. அல்லி பறிக்கப் போய் அரசி குளத்தில் விழுந்துவிட்டாள். நான் குதித்துக் காப்பாற்றினேன்."

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின.

"நல்ல ஆழம். அவளோ கதறி அழுகிறாள்..."

"விழுந்தது யார்?" என்றது ஒரு குரல். திரை விலகியது. அரசி வெளியே வந்து நின்றாள். "அல்லி பறிக்கப் போனது நீங்கள். வழுக்கி விழுந்தது நீங்கள். நீச்சல் தெரியாமல் கத்தினதும் நீங்கள். நான்தான் சேலைத் தலைப்பை வீசி இழுத்தேன்."

"நான் கத்தவில்லை. கூப்பிட்டேன்."

"கோட்டை வாசல் வரைக்கும் கேட்டது."

ராஜாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இத்தனை நாள் இதெல்லாம் எங்கே போயிருந்தது? ஏன் பேசவே இல்லை?"

அரசியின் குரல் தணிந்தது. "சண்டை போடும்போது நீங்கள் என் புருஷன். பதில் இல்லை என்றதும் ராஜாவாகிவிட்டீர்கள். புருஷனோடு சண்டை போடலாம். ராஜாவோடு எப்படிப் போடுவது?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். "கிணறு வற்றும் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? இப்போது கேட்கிறேன்" என்றார்.

"தூர்வாருவதற்காகக் குளத்தை வற்றவைத்த வருஷம் மேலத்தெருவில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. பெண்கள் ஆற்றுக்குக் குடம் தூக்கிப் போனார்கள். அப்போது நீங்கள் போருக்குப் போயிருந்தீர்கள்."

"எனக்கு யாரும் சொல்லவில்லையே."

"நான் சொல்ல வந்தேன். நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள்."

ராஜா அங்கேயே கட்டளையை ரத்து செய்தார். "ஆனால் கரையில் மயில் வளர்ப்பேன்" என்றார்.

"காலையில் அது போடுகிற சத்தத்துக்கு நீங்கள்தான் முதலில் எழுந்து திட்டுவீர்கள்."

"திட்டமாட்டேன்."

இந்தச் சண்டை இப்போதைக்கு ஓயாது என்று தெரிந்ததும், வீரகண்டர் மெல்ல நழுவப் பார்த்தார். சாத்தப்பர் விடவில்லை. "அரசே, ஒருநாளும் சண்டையே வராத குடும்பம் ஒன்று இருக்கிறதே. அந்த அம்மாளையும் ஒரு வார்த்தை கேட்கலாம்."

திரைக்குப் பின்னாலிருந்து பெரியநாயகி தயங்கித் தயங்கி வந்தாள். "என்னம்மா, உங்களுக்குள் சண்டையே வந்ததில்லையாமே?" என்று ராஜா கேட்டார்.

"முதல் வருஷம் பேசிப் பார்த்தேன், மகாராஜா. அவர் காதில் விழவில்லை. பிறகு விட்டுவிட்டேன்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வீரகண்டருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. மனைவியின் முகத்தை அவர் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மந்திரிக்கு ராஜா தன் முத்துக் கடுக்கன்களைக் கழற்றிக் கொடுத்தார். வீரகண்டருக்குத் தண்டனை எதுவும் தரவில்லை. "வீட்டுக்குப் போய், என்ன குறை என்று கேளும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. அவள் சொல்லி முடித்தபிறகு சபைக்கு வந்தால் போதும்" என்றார்.

வீரகண்டர் போனார், உட்கார்ந்தார், கேட்டார். பெரியநாயகி முதலில் நம்பவில்லை. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

மறுநாள் அவர் சபைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ராஜா கவலைப்பட்டு ஆள் அனுப்பினார். போனவன் திரும்பி வந்து சொன்னான்: "அம்மா இப்போதுதான் கல்யாணப் பந்தியில் வந்த குறைவரை சொல்லியிருக்கிறார்களாம், மகாராஜா."